நடுப்புள்ளியில் பூஜ்யம்

மார்ச் 4, 2025
வெள்ளிமலைக்கு மேலே, கிழங்குக் கொட்டகை

இலக்கியாவுக்கு,

இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. காய்ச்சலும் இல்லை, கல்யாணப் பேச்சும் இல்லை. நீ கொடுத்தனுப்பிய சீட்டில் மூன்று கேள்வி இருந்தது. லாரி டிரைவர் சின்னதுரை அண்ணன் அதைச் சட்டைப் பையில் வைத்து வியர்வையில் நனைத்துவிட்டார். மூன்றாவதைப் படிக்க முடியவில்லை. அதற்கும் இல்லை என்றே வைத்துக்கொள்.

அப்பாவோடு இருக்கிறேன். மரவள்ளி பிடுங்கும் ஆட்கள் ஒன்பது பேர். அப்பா மேஸ்திரி. வருஷா வருஷம் அம்மா கூட வந்து இவர்களுக்குச் சமைப்பாள். இந்த வருஷம் அவளுக்கு ஆபரேஷன் ஆகிச் சின்னசேலத்தில் மாமா வீட்டில் படுத்திருக்கிறாள். அதனால் நான்.

இங்கே போன் எடுக்காது. முக்கால் மணி நேரம் நடந்தால் ஒரு பாறை வரும். அதன்மேல் ஏறி நின்றால் எடுக்கும் என்கிறார்கள். நான் போகவில்லை. எழுதுவதை லாரியில் கொடுத்தனுப்பு. கிழங்கு ஏற்றும் நாளில்தான் லாரி வரும். அந்த நாளில் பதில் கிடைக்கும்.

விடிந்ததும் ஒரு சோறு. வெயில் இறங்கினால் ஒரு சோறு. நடுவில் வேலை இல்லை. நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரலில் ரிவ்யூவுக்கு நான் வரவில்லை. நீயே பேசு. நன்றாகப் பேசுகிறவள் நீதான். ஆங்கிலமும் உன்னுடையதுதான். என் பாகம் முடிந்துவிட்டது.

நிர்மலா

*

மார்ச் 12, 2025
நைனார்பாளையம்

நிர்மலா,

உன் பாகம் முடிந்துவிட்டதா? யார் முடித்தது? எனக்கு ஏன் தெரியாது?

பிப்ரவரி மூன்றாம் தேதி சென்னையிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தோம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது சரியாகத்தான் இருந்தாய். இல்லை, சரியாக இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்திருந்தாய். அடுத்த நாள் காலேஜுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் போன் போகவில்லை. பத்து நாள் கழித்து உங்கள் தெருவுக்கே போனேன். இரண்டு வருஷப் பழக்கத்தில் அந்தத் தெருவுக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அதை அங்கே நிற்கும்போதுதான் உணர்ந்தேன். பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார்.

"செல்லமுத்து வூட்டுப் பொண்ணுதானே நீ? இன்னா, களைக்கு ஆள் கூப்ட வந்தியா?"

"கணக்குக்கு ஆள் கூப்பிட வந்தேங்க."

அவர் சிரித்தார் பார், தெருவே திரும்பியது. பெயர் தங்கமணியாம். அவர்தான் நீ மலைக்குப் போனதைச் சொன்னார்.

சரி. உனக்கு மறந்துபோயிருக்கலாம். காலேஜ் கேன்டீனில் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு விளம்பரத்தை உனக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கணிதத்தில் ஆய்வு. இளங்கலை முதல் இரண்டு ஆண்டில் இருப்பவர்களுக்கு. தனியாகச் சேர முடியாது, இரண்டு பேராகத்தான். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி. இரண்டு வருஷம். தலைக்கு மாதம் ஒன்பதாயிரம். மூன்று வாரம் நம் காலேஜ், ஒரு வாரம் சென்னை. முதல் வருஷ முடிவில் ரிவ்யூ. அதில் ஒருவர் இல்லையென்றால் இரண்டாம் வருஷம் இருவருக்கும் இல்லை. அந்தக் கடைசி வரியைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "அப்ப நீ செத்தா நானும் போயிடணுமா?" என்றாய். போண்டா எனக்குப் புரையேறியது.

ரிவ்யூ ஏப்ரல் 28. அறிக்கையை 25-ம் தேதி மதியத்துக்குள் தீனதயாளன் சாருக்கு அனுப்ப வேண்டும். திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்ற முறையில் அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். உனக்கு வைரல் ஃபீவர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை நாள் உன்னைக் காய்ச்சலில் வைத்திருப்பது?

நேற்று சாப்பிடும்போது அப்பா கேட்டார்:

"இன்னா, உன் கூட்டாளி காலேஜுக்கே வர்றதில்லியாமே. சம்பளம் மட்டும் வந்துகினு இருக்குதா?"

"சம்பளம் இல்லப்பா. உதவித்தொகை."

"மாசா மாசம் பேங்க்ல வுழுந்தா அதுக்குப் பேரு சம்பளம். நான் ஏன் உன்ன மெட்ராசுக்கு வுட்டுகினு இருக்கேன்னு நெனச்ச? கணக்குக்காவா?"

என்ன நடந்தது என்று எழுது. நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? சொல்லியிருந்தால் அதையாவது எழுது.

இலக்கியா

*

மார்ச் 21, 2025
கொட்டகை

இலக்கியாவுக்கு,

நீ ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாய்.

உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸை டீக்கு நிறுத்தினார்கள். உன் தலை என் தோளில் இருந்தது. எழுப்ப வேண்டாம் என்று நானும் இறங்கவில்லை. கையில் டிக்கெட் இருந்தது, அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சும்மா ஒரு மரம் போட்டேன்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். மெதுவாக எழுதினால் மாறிவிடுமோ என்று.

மரம் என்றால் புள்ளிகளும் கோடுகளும். எங்கேயும் சுற்றி வந்து மூடிக்கொள்ளாத கோடுகள். ஆறு புள்ளி இருந்தால் பூஜ்யம் முதல் ஐந்து வரை எண்கள். புள்ளிக்கு ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் இரு முனை எண்களின் வித்தியாசம். எல்லா வித்தியாசமும் வேறுவேறாக வந்தால் அந்த மரம் அமைந்துவிட்டது. எல்லா மரமும் இப்படி அமையுமா என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. நாம் எடுத்துக்கொண்டது அதில் ஒரு துண்டு. சின்ன மரங்களை நடுப்புள்ளியில் ஒட்டிப் பெரிய மரமாக்கினால் அதுவும் அமையும் என்று காட்டினோம். ஒட்டுவதற்கு ஒன்று தேவைப்பட்டது. சின்ன மரம் ஒவ்வொன்றிலும் நடுப்புள்ளிக்குப் பூஜ்யம் கொடுக்க முடிய வேண்டும். அறிக்கையில் பக்கம் மூன்று. "கொடுக்க முடியும். இதை எளிதில் காணலாம்."

டிக்கெட்டில் நான் போட்டது இது. நடுவில் ஒரு புள்ளி. அதற்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இடதில் தொங்கும் இலை ஒன்று. வலதில் தொங்கும் இலை இரண்டு. மொத்தம் ஆறு.

நடுவில் பூஜ்யம் வைத்தேன். ஐந்து என்ற வித்தியாசம் வர வேண்டுமென்றால் பூஜ்யத்தை ஒட்டி ஐந்து இருக்க வேண்டும். இடதில். அல்லது வலதில். இடதில் வைத்தால் மீதியை நிரப்பப் பன்னிரண்டு வழி. வலதில் வைத்தாலும் பன்னிரண்டு. இருபத்து நான்கும் போட்டேன். எல்லாவற்றிலும் ஒரு வித்தியாசம் இரண்டு தடவை வருகிறது.

பூஜ்யத்தை ஓரத்து இலைக்குத் தள்ளினால் உடனே அமைகிறது. பூஜ்யம், ஐந்து, ஒன்று, நான்கு, தொங்குகிற இலைகளுக்கு இரண்டும் மூன்றும். போட்டுப் பார். அழகாக வருகிறது. நடுவில் மட்டும் இடமில்லை.

ஆறு புள்ளி, இலக்கியா. ஆயிரம் புள்ளியில் எங்கேயோ ஒளிந்திருந்தால் பரவாயில்லை. ஆறே புள்ளி. ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்.

பஸ் கிளம்பியது. நீ விழிக்கவில்லை. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை. டிக்கெட்டை மடித்து ஜன்னல் இடுக்கில் செருகிவிட்டேன். அது அந்த பஸ்ஸிலேயே இன்னும் போய் வந்துகொண்டிருக்கும்.

அம்மாவுக்குப் பதில் சமைக்க வேறு ஆள் பேசியிருந்தார்கள். நான்தான் போகிறேன் என்று சொன்னேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். "எளிதில் காணலாம்" என்று நீ தட்டச்சு செய்தபோது எங்கே கண்டாய்?

நிர்மலா

*

ஏப்ரல் 1, 2025
நைனார்பாளையம்

நிர்மலா,

இன்று ஏப்ரல் ஒன்று. உன் கடிதத்தை லாரியிலிருந்து வாங்கியபோது முட்டாளாக்குகிறாயோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். பிறகு தேதியைப் பார்த்தேன். மார்ச் 21.

நான் எங்கேயும் காணவில்லை. நீ கண்டிருப்பாய் என்று நினைத்தேன். புள்ளி வைத்துப் போட்டுப் பார்ப்பதெல்லாம் நீதானே செய்வாய். பாதை மரம், நட்சத்திர மரம் எல்லாம் உன் நோட்டில் நடுவில் பூஜ்யத்தோடு இருந்தன. மற்றதையும் போட்டிருப்பாய் என்று எழுதிவிட்டேன். தட்டச்சு செய்த பக்கத்தை உன்னிடம் கொடுத்தேன். நீ படித்தாய். ஒன்றும் கேட்கவில்லை. சரி, அப்படியென்றால் சரி என்று நினைத்தேன்.

உன் ஆறு புள்ளியைப் போட்டேன். எட்டு வழி வரை. பிறகு நிறுத்திவிட்டேன். நீ இருபத்து நான்கு என்றால் இருபத்து நான்குதான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். கோபப்படாதே.

ரிவ்யூ அன்று பதினெட்டு ஜோடி. ஜோடிக்கு இருபது நிமிடம். யாரும் மூன்றாம் பக்கத்தை நிறுத்திப் படிக்கப்போவதில்லை. சாரே படிக்கவில்லையே. நாமும் பேச வேண்டாம். இரண்டாம் வருஷம் கிடைக்கட்டும். கிடைத்த பிறகு அதிலேயே உட்கார்ந்து சரிசெய்வோம். பொய் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கிறோம், அவ்வளவுதான். உனக்கு ஜூனில் தெரிந்தது என்று வைத்துக்கொள். உளுந்தூர்பேட்டையில் நீ இறங்கி டீ குடித்திருந்தால் இன்னும் தெரிந்திருக்காதே.

நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? என்னைச் சென்னைக்கு அனுப்புவது நிற்கும். பி.எட்., அதற்குள் ஒரு மாப்பிள்ளை. உனக்கு? நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையில் முதல் பணம் வந்ததிலிருந்து உன் அம்மா எங்கள் வயலுக்குக் களையெடுக்க வருவதில்லை. இனி மறுபடியும் வருவார். நான் வாசலில் நின்று அதைப் பார்க்க வேண்டும். எனக்கு அது வேண்டாம்.

வா. பேசாமல் பக்கத்தில் உட்கார். அது போதும்.

இலக்கியா

*

ஏப்ரல் 10, 2025
கொட்டகை

இலக்கியாவுக்கு,

உனக்கு அது வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான்கு தடவை படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். உலை கொதித்தது. எழுந்து அரிசி போட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். நீ தட்டச்சு செய்து கொடுத்ததைப் படித்தேன். அந்த வரியில் நின்றேன். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீ என்றில்லை. உங்கள் வீட்டிலிருந்து எழுதி வருகிற எதையும் எங்கள் வீட்டில் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அம்மா கேட்டதில்லை, அப்பா கேட்டதில்லை. எனக்கும் அது வந்திருக்கிறது. கணக்கிலும் வரும் என்று எனக்குத் தெரியாது. இது என் தவறு. உன் தவறு எது என்று நீ பார்த்துக்கொள்.

இங்கே ஆறு கல் வைத்திருக்கிறேன். அடுப்புக்கரியால் எண் எழுதியது. மாற்றி மாற்றி வைக்கிறேன். வேறு வேலை இல்லாததால்தான். இந்தக் காடு சாலம்மாளுடையது. கிழங்கு பிடுங்குவதைப் பார்க்க தினமும் வருவார். நேற்று பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டார்.

"இன்னாம்மே, தெனம் இந்த ஆறு கல்ல வெச்சிகினு இன்னா பண்ற? சாமி கேக்குறியா?"

"ஒண்ணு நடுவுல ஒக்கார மாட்டேங்குதுங்க."

"மாத்தி வெச்சிப் பாக்கறதுதானே?"

"இருபத்தி நாலு தடவ மாத்தியாச்சு."

"அடிப் போடி இவளே. இருபத்தி நாலு தடவ மாத்துறதுக்குள்ள கொழம்பு அடி புடிச்சிக்கினு கெடக்குது பாரு."

பிடித்துத்தான் இருந்தது. சாப்பிடும்போது அம்மாசி அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கணக்குக் கொழம்புடா. பொகை ஜாஸ்தி, உப்பு கம்மி. கழிச்சா மீதி ஒண்ணுமில்ல." ஒன்பது பேரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லாரியில் இறங்கி அம்மாவைப் பார்க்கச் சின்னசேலம் போனேன். உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"பூஜ்யம்னா ஒண்ணுமில்லாததுதானே?" என்றாள். "ஒண்ணுமில்லாததுக்கு நடுவுல எடம் கெடைக்கலன்னா உனக்கு இன்னா வந்துச்சு?"

"அதும்மேலதாம்மா எல்லாத்தையும் கட்டிட்டோம்."

"அப்ப பிரிச்சிடு."

"பிரிச்சா பணம் நின்னாலும் நின்னுடும்."

அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். தையல் இன்னும் வலிக்கிறது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள்: "களை எடுத்த கைதானே. எங்கயும் போவல."

அவ்வளவுதான் சொன்னாள். உனக்கு வேண்டாம் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இதோடு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்துக்குப் பதில் இது. நடுவில் பூஜ்யம் உட்காருகிற மரங்களை மட்டும் ஒட்டினால் நம் தேற்றம் நிற்கிறது. உட்காராத மரமும் உண்டு, இதோ ஒன்று என்று ஆறு புள்ளியைப் போட்டிருக்கிறேன். முன்பு சொன்னதைவிடச் சிறியது. ஆனால் உண்மை. தமிழில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் போட வேண்டுமென்றால் போடு. கிழிக்க வேண்டுமென்றால் கிழி. நகல் எடுத்து வைக்கவில்லை.

நிர்மலா

*

ஏப்ரல் 19, 2025
நைனார்பாளையம்

நிர்மலா,

கிழிக்கவில்லை.

உன் பக்கத்தை ஐந்து நாள் பையிலேயே வைத்திருந்தேன். காலேஜுக்குக் கொண்டுபோனேன், கொண்டுவந்தேன். ஆறாவது நாள் ஆங்கிலத்தில் போட உட்கார்ந்தேன். இரண்டு வரி. "இருபத்து நான்கு வழிகளிலும் ஒரு வித்தியாசம் திரும்ப வருகிறது" என்று எழுதியதும் கை நின்றது. எட்டோடு நிறுத்தியது நான்தானே. மறுபடியும் பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுந்து ஒரு நோட்டு எடுத்தேன். முதலிலிருந்து போட்டேன். கையால். இருபத்து நான்கும். இரண்டு நாள் ஆனது, பாதியில் எண்ணிக்கை விட்டுப்போய்த் திரும்ப ஆரம்பித்ததால். உனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இதுவரை கேட்டதே இல்லை. நீ உன் நோட்டைக் கொண்டுவருவாய். நான் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வேன். ஒரு வருஷமாக இப்படித்தான். குனிகிற வேலையெல்லாம் உன்னுடையது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கிறது. என் தவறு எது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னாயே. இது.

உன் அம்மாவைப் பற்றி நான் எழுதிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அது உன்னிடம் இருக்கிறது. வைத்துக்கொள்.

அப்பாவிடம் முன்கூட்டியே சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அப்ப சம்பளம் நிக்குமா?"

"நிக்கலாம்."

"நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா?"

"வரலாம்."

"அப்ப பேசாம இருக்கறதுக்கு இன்னா?"

நான் மோர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் மோர் ஊற்றிக்கொண்டார். "சரி, ஆனிக்கு உன் கூட்டாளியோட அம்மா குஞ்சம்மா களைக்கு வந்துடும் அப்ப. ஆள் கெடைக்காம அல்லாடிகினு இருந்தேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அது ஒரு நிம்மதி. எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். இறங்கியது. கை கழுவினேன்.

தட்டச்சு செய்த பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். இருபத்து நான்கு வழிகளையும் வரிசையாகப் போட்டிருக்கிறேன். "எளிதில் காணலாம்" இப்போது எங்கேயும் இல்லை. தலைப்புக்குக் கீழே உன் பெயர் முதலில். அகர வரிசை அதுவல்ல என்று சார் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

25-ம் தேதி மதியம் அனுப்ப வேண்டும். நீ பார்க்காமல் அனுப்பமாட்டேன். படி. எங்கேயாவது நின்றால் தாண்டிப் போகாதே. கேள்.

28-ம் தேதி வருகிறாயா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

இலக்கியா

*

ஏப்ரல் 24, 2025
கொட்டகை

இலக்கியாவுக்கு,

லாரி இரண்டு நாள் தாமதம். மழை. கச்சிராயபாளையம் ஏற்றத்தில் மரம் விழுந்து வழி அடைத்துவிட்டதாகச் சின்னதுரை அண்ணன் சொன்னார். உன் உறை இன்று காலைதான் வந்தது. இந்தத் தடவை நனையவில்லை. இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

படித்தேன். ஆங்கிலம் மெதுவாகத்தான் வருகிறது. எண்கள் வேகமாக வருகின்றன. பக்கத்தில் ஆறு கல்லை வைத்துக்கொண்டு உன் வரிசையிலேயே ஒவ்வொன்றாக மாற்றினேன். குழம்பு இன்று அடி பிடிக்கவில்லை. இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பதினாறு வரை சரி.

பதினேழாவது வழி. வலதில் ஐந்து, இடதில் இரண்டு, இடது இலையில் மூன்று. வலது இலைகளில் ஒன்றும் நான்கும். ஐந்துக்கும் நான்குக்கும் வித்தியாசம் இரண்டு என்று போட்டிருக்கிறாய். ஒன்று. ஏன் இரண்டு என்று போட்டாய்? இரண்டு ஏற்கெனவே இருப்பதால் உன் கணக்கிலும் அந்த வழி விழுந்துவிடுகிறது. என் கணக்கில் ஒன்று இரண்டு தடவை வருவதால் விழுகிறது. முடிவு மாறவில்லை. ஆனாலும் அது ஒன்று. இரண்டு இல்லை.

பதினெட்டிலிருந்து இருபத்து நான்கு வரை சரி.

இதை எழுதுவதற்கு முன் கல்லை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தோஷமா என்று கேட்காதே. பார்த்தேன். உள்ளே இன்னும் ஒன்றும் அசையவில்லை. அம்மா தேறி எழப்போகும் நாளை நினைத்தேன். ஆனியில் உங்கள் வயலை நினைத்தேன். அதுவும் அப்படியே இருக்கிறது. ஆனால் கல்லை எடுத்து வைக்கும்போது, இடதில் ஒரு இலை, வலதில் மூன்று இலை என்று வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி வந்தது. எந்த மரங்களில் பூஜ்யம் நடுவில் உட்காராது? எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா? ஏழாவது கல் ஒன்று தேடி எடுத்து ஆறு என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் போடவில்லை.

காலையில் வந்த லாரி அப்போதே ஏற்றிக்கொண்டு போய்விட்டது, இந்தக் கடிதத்தை அதில் அனுப்ப முடியவில்லை. அடுத்த லோடு ஞாயிற்றுக்கிழமைதான். நாளை மதியத்துக்குள் உனக்குத் தெரிய வேண்டும். லோடு போகும்போது நானும் ஏறி வருகிறேன். அப்போது கையில் தருகிறேன்.

மாலைச் சோற்றுப் பானையை மூடி வைத்தேன். அப்பாவிடம் பாறைக்குப் போய்வருகிறேன் என்றேன். வழியில் அட்டை இருக்கும், உப்பு எடுத்துக்கொள் என்றார். உப்பை முடிந்துகொண்டு முக்கால் மணி நேரம் நடந்தேன். பாறையில் ஏறி நின்றேன். போன் எடுத்தது. உன்னைக் கூப்பிட்டு, பதினேழில் ஒரு எண் தவறு என்று சொன்னேன்.

நிர்மலா